இரண்டு கிலோ நானூறு

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஹருன்னிசாவுக்கு நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் சுடர்க்கொடி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட கூடத்தில் பெண்களுக்குப் பளுதூக்கச் சொல்லிக்கொடுப்பவர். மெஹருன்னிசா அவரை மாஸ்டர் என்பாள். மாஸ்டர் அவளை அக்கா என்பார்.

முழங்கால் வலிக்கு எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் விரட்டியதால்தான் அவள் அங்கே போனாள். முதல் நாளே மாஸ்டர் அவள் கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்தார். அதைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திய நொடியில் அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு பதினாறு மாதம். எழுபத்தேழு கிலோ இருந்தவள் அறுபத்து மூன்று எண்ணூறுக்கு வந்துவிட்டாள். சேலத்தில் முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கான போட்டிக்கு, அறுபத்து நாலு கிலோ பிரிவில் அவள் பெயரும் போனது. தராசு அறுபத்து நாலைத் தாண்டினால் மேடையேற முடியாது.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை மகளுக்கு நிக்காஹ்.

அளவாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவது என்றுதான் போனாள். பிரியாணி வெந்த தேக்சாவின் மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் அந்த முடிவு கரைந்தது. தங்கை தானே பரிமாறினாள். பிரியாணி, தால்ச்சா, எண்ணெய்க் கத்திரிக்காய், மறுபடி பிரியாணி. மணப்பெண் ஓடிவந்து பாகில் ஊறிய மக்கன் பேடாவை வாயில் ஊட்டினாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெஹருன்னிசா வயிறும் மனசும் நிறைந்து வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை காலையில் கூடத்துத் தராசில் ஏறினாள். அறுபத்தாறு இருநூறு.

இறங்கிவிட்டு மறுபடி ஏறினாள். அதே எண்தான். இன்னும் ஆறே நாள். சாப்பாட்டை நிறுத்திவிடலாமா, பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடலாமா என்று யோசித்தாள். அடுத்த நிமிஷமே, எல்லாம்தான் போச்சே, தங்கை கொடுத்துவிட்ட பேடா டப்பாவையும் காலி பண்ணினால் என்ன என்று தோன்றியது. அழுகையை அடக்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனாள்.

"ஒரு நாள் சாப்பாடு பதினாறு மாசத்தைத் தின்னுடுமா, மாஸ்டர்?"

மாஸ்டர் தானே தராசில் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு நானூறு. இறங்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து மெல்லக் குடித்து முடித்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, மிளகாய்ப் பொடி தடவிய நாலு இட்லியை ஒன்று விடாமல் சாப்பிட்டார். மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி ஏறினார். அறுபதைத் தாண்டிக் காட்டியது.

"நான் இப்ப குண்டாயிட்டேனா, அக்கா?"

மெஹருன்னிசா விடவில்லை. தான் சாப்பிட்டது வெறும் தண்ணீரும் இட்லியும் இல்லை, நெய்யும் கறியும் ஆயிற்றே என்றாள். கல்யாணச் சோறும் அதிலிருக்கும் உப்பும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாலைந்து நாளில் தானாக இறங்கும் என்றார் மாஸ்டர். கொழுப்பாக ஒட்டியதும் கொஞ்சம் இருக்கும், எவ்வளவு என்று இன்றைக்குத் தராசுக்கே தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், எப்போதும் தூக்குவதைத் தூக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வரை தராசைத் திரும்பியும் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான் உத்தரவு.

மெஹருன்னிசா தலையாட்டினாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையும் மத்தியானமும் பட்டினி கிடந்தாள். சாயங்காலப் பயிற்சியில், எப்போதும் விளையாட்டாகத் தூக்குகிற எடை மார்புக்கு மேலே வரவில்லை. வீட்டுக்குப் போனவள் கதவைச் சாத்திக்கொண்டு பேடா டப்பாவைத் திறந்தாள். ஏழு பேடா. எட்டாவதை எடுத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்றே உறைத்தது.

புதன்கிழமை மாஸ்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் கோபப்படவில்லை.

"கல்யாணத்துல சாப்பிட்டீங்களே, அப்ப எப்படி இருந்துச்சு?"

"சந்தோஷமா இருந்துச்சு."

"நேத்து?"

மெஹருன்னிசா தரையைப் பார்த்தாள். "ருசியே தெரியல, மாஸ்டர்."

"பந்தி ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சு, அக்கா. எல்லாரும் கை கழுவிட்டுப் போயிட்டாங்க. நீங்க மட்டும்தான் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க."

அன்று மத்தியானம் மெஹருன்னிசா கம்பெனி மரத்தடியில் தன் வழக்கமான டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோறு, கீரை, இரண்டு முட்டை. பயத்தோடுதான் மென்றாள், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. சாயங்காலம் கம்பி மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை தராசு அறுபத்து நாலு முந்நூறு காட்டியது. முந்நூறு கிராம் அதிகம். ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தவள், மாஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள். சனிக்கிழமையும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு இருவரும் சேலம் பஸ் ஏறினார்கள்.

ஞாயிறு காலை எடை பார்க்கும் அறை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் கூடப் படாமல் உதடு வெடித்து நின்றார்கள். மெஹருன்னிசாவின் பேரைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

எழுதிக்கொண்டிருந்த அம்மா எண்ணை உரக்கப் படித்தார். அறுபத்து மூன்று எழுநூறு.

வெளியே வந்து மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் முதலில் இரண்டு வாழைப்பழத்தை அவள் கையில் திணித்தார்.

மேடையில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை ஐம்பது கிலோவைச் சுலபமாகத் தூக்கினாள். இரண்டாவதில் ஐம்பத்து நாலு, முழங்கை மடங்கிக் கம்பி பின்னால் விழுந்தது. மூன்றாவதுக்கும் அதே எடையைக் கேட்டாள். இதைத் தூக்கினால் முதலிடம். கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று உதட்டுக்குள் சொல்லி, குனிந்து பிடித்தாள்.

கம்பி தரையை விட்டது. முழங்காலைத் தாண்டியது. அவள் அதன் அடியில் புகுந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பூட்டி, அங்குலம் அங்குலமாக எழுந்தாள். கூடமே எழுந்து நின்றது. தொடை உதறியது. நிமிர்ந்தாள். சரியென்று நடுவர்கள் காட்டும் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. கம்பியைக் கீழே போட்ட சத்தத்தில் பலகை அதிர்ந்தது.

படியிறங்கி ஓடிவந்தவளுக்கு மூச்சு இரைத்தது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே மாஸ்டரின் காதருகே குனிந்து கேட்டாள்.

"அந்த ரெண்டு கிலோ நானூறு எங்கதான் போச்சு, மாஸ்டர்?"

மாஸ்டர் அவள் தோளில் துண்டைப் போட்டார்.

"முக்கால்வாசி தண்ணியாப் போச்சு, அக்கா. மிச்சத்தை இப்பத்தானே தலைக்கு மேல தூக்கிக் கீழே போட்டீங்க."