பிரதானியார் உயிர் பிழைத்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாவின் வாசலுக்கு யார் வேண்டுமானாலும் நடந்துபோய் நிற்க முடிந்த நாளில், ஏரிக்கரையோரம் ஒரு தலைநகரம் இருந்தது. அதை ஆண்ட மன்னருக்கு ஆண்டுதோறும் பட்டாபிஷேக நாளன்று யாருக்காவது பொன்னாடை போர்த்தியாக வேண்டும். போர்த்திக்கொள்பவர்கள் மட்டும் மாறுவதே இல்லை. ஒரு வருஷம் சேனாதிபதி, மறு வருஷம் ஆஸ்தான புலவர், மற்ற வருஷமெல்லாம் பிரதானி அம்பலவாணர்.

அந்தச் சபையின் விகடன் குழைக்காதன். அவன் ஒருமுறை, "பொன்னாடை போர்த்திப் போர்த்திப் பிரதானியாருக்கு வேர்க்குருவே வந்துவிட்டது" என்று சொல்லிவைத்தான். சபை சிரித்தது. பிரதானியார் சிரிக்கவில்லை.

அடுத்த பட்டாபிஷேக நாள் நெருங்கியது. "இந்த வருஷம் ஊருக்கே நன்மை செய்த ஒருவரைக் கௌரவிக்க விரும்புகிறோம்" என்றார் மன்னர்.

பிரதானியார் எழுந்தார். "மன்னர் பெருமானே, அந்த ஒருவரைக் குழைக்காதனே அழைத்து வரட்டும். ஆனால் இந்தச் சபையில் உள்ள ஒவ்வொருவரும், 'இவரால் நான் நன்மை பெற்றேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் குழைக்காதன் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

மறுக்கப்போகிற அந்த ஒருவர் யார் என்பது குழைக்காதனுக்குப் புரிந்துவிட்டது. மன்னருக்குப் புரியவில்லை. விளையாட்டாகத் தலையசைத்துவிட்டார்.

பட்டாபிஷேக நாளன்று குழைக்காதன் அழைத்து வந்தது, உப்பு விற்கும் ஆண்டிச்சியை. அவள் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்துக்குய்யா என்னெ இங்க கூட்டியாந்தே? கூடை வாசல்ல கெடக்கு, மாடு வாய் வச்சிரும்" என்றாள். அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. காற்று மட்டும்தான் வந்தது.

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பெருமானே, ஏரி உடைந்த வருஷம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டான் குழைக்காதன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருஷத்தை மறந்தவர் அங்கே யாருமில்லை. மன்னர் அப்போது சிறு பிள்ளை. ஊர் இன்னும் எழுந்திராத விடியற்காலையில் ஒரு பெண் குரல் தெருத்தெருவாக ஓடியது. அந்தக் குரலைக் கேட்டவர்களெல்லாம் கோயில் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள்.

மன்னர் சிங்காசனத்திலிருந்து முன்னால் குனிந்தார். "அது நீயா அம்மா?"

"ஆமாஞ்சாமி. உப்புக்கூடையோட கரை மேல வந்தேன். கரை பொளந்துக்கிட்டு வருது. கூடையப் போட்டுட்டு ஓடியாந்தேன். என்ன சொல்லிக் கத்தணும்னு தெரியல. 'உப்போய்'னு கூவுற ராகந்தான் வாயில வந்துச்சு. அதே ராகத்துல 'தண்ணியோய்'னு கூவிக்கிட்டே ஓடுனேன். மேட்டுக்குப் போய்ச் சேரும்போது தொண்டை போயிருச்சு. போனது போனதுதான்." அவள் காற்றாகச் சொன்னதைக் குழைக்காதன் சபைக்கு உரக்கச் சொன்னான்.

"என் தாயாரை முதுகில் சுமந்துகொண்டு ஓடினேன்" என்று எழுந்தார் கிழட்டுச் சேனாதிபதி. "உப்பு வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று என் மனைவி கிண்ணத்தோடு வாசலுக்குப் போனாள். முழங்கால் வரை தண்ணீர்" என்றார் புலவர். ஒவ்வொருவராக எழுந்தார்கள்; அப்போது பிறந்திராதவர்கள் தங்கள் தாய் தந்தையர் பிழைத்ததைச் சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

பிரதானியார் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"எனக்கு இவள் ஒன்றும் செய்யவில்லை."

"நீர் அன்று ஊரில்தானே இருந்தீர்?" என்றார் மன்னர்.

"கீழ வீதியில், எங்கள் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் எந்தக் குரலும் என் காதில் விழவில்லை."

அவ்வளவுதான். குழைக்காதன் தலைப்பாகையைக் கழற்றி வீசினான். மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, போய்விட்டீரே பிரதானியாரே!" என்று அலறி அழுதான்.

"என்னடா இது அமங்கலம்?" என்று அதட்டினார் மன்னர்.

"பெருமானே, கீழ வீதியில் குரலைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிரதானியார் கேட்கவில்லையாம். அவர் பொய் சொல்லமாட்டார். ஆகவே அன்றே தண்ணீரோடு போய்விட்டார். பாவம், இத்தனை வருஷமாக ஒரு திவசம்கூடக் கொடுக்காமல் விட்டுவிட்டோமே! அவர் ஆசனத்தைக் காலி செய்யச் சொல்லட்டுமா? சம்பந்தி வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும்."

காவலர்கள் உண்மையாகவே ஆசனத்தருகே வந்து நின்றார்கள்.

"கேட்டேன்! கேட்டேன்!" என்று துள்ளி எழுந்தார் பிரதானியார். "நான் உயிரோடுதான் இருக்கிறேன்!" பிறகு குரல் தாழ்ந்தது. "என் தங்கை அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்."

ஆண்டிச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பாப்பா நல்லாருக்காய்யா?"

பிரதானியார் கைகூப்பினார். "பேரன் எடுத்துவிட்டாள், தாயே" என்றார்.

மன்னர் பொன்னாடையைப் பிரதானியார் கையிலேயே கொடுத்தார். அவர் போய் ஆண்டிச்சிக்குப் போர்த்தினார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "நா மட்டுமாய்யா? மேட்டுல கயிறு கட்டி ஆளுங்கள இழுத்துப்போட்ட சலவைக்காரரு இன்னும் இருக்காரு. ரெண்டு நாளு ஊருக்கே கூழு ஊத்துன செட்டியாரம்மா இருக்காங்க."

"அவர்களும் வருவார்கள்" என்றார் மன்னர். பிறகு குழைக்காதனிடம் திரும்பி, "உனக்கு என்னடா வேண்டும்?" என்றார்.

"செத்துப்போன பிரதானியார் இன்று புதிதாகப் பிறந்திருக்கிறார், பெருமானே. பிள்ளை பிறந்த செய்தி சொல்பவனுக்கு வீட்டார் ஏதாவது கொடுப்பது வழக்கமில்லையா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கைக்கடகத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் பொன்னாடைக்கு வந்தவர்களில் பாதிப்பேரைப் பிரதானியாருக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் முதலில் எழுந்து நின்றவர் அவர்தான்.