எட்டு ஸ்பேஸ்

அந்த வெப்சைட் கம்பெனியில் மேலாளர் திருவேங்கடம் தும்மினால்கூட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கோடிங்கில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வந்தால், உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி எழுதுவார்கள். எவ்வளவு தள்ளுவது என்பது அவரவர் பழக்கம். அங்கே வேலை பார்த்த ஜெபராஜ் இரண்டு ஸ்பேஸ், அதாவது இரண்டு எழுத்து அகல வெற்றிடம், தள்ளினான். எட்டுதான் வேண்டும் என்ற திருவேங்கடம் அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அவன் வேலை கூட வேலை பார்த்த சுடர்விழி தலையில் விழுந்தது.

"ஒவ்வொரு பெட்டிக்கும் எட்டு ஸ்பேஸ் தள்ளணும். ஆனா ஒரு எழுத்துகூட திரையைத் தாண்டக் கூடாது. தாண்டினா நீயும் கிளம்பு," என்றார் திருவேங்கடம்.

முகப்புப் பக்கத்தின் கோடிங்கில் அவர் பெயரைச் சுற்றி அவரே கேட்டு வாங்கிய தங்கக் கரை ஒரு பெட்டி, நிழல் ஒரு பெட்டி, பூச்சட்டம் ஒரு பெட்டி என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. சுடர்விழி சொன்னபடியே எட்டெட்டாகத் தள்ளி, கோடிங் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"என் பேர் எங்கம்மா?"

"திரைக்கு வெளியே போயிட்டீங்க சார்." சுடர்விழி பெட்டிகளை விரலால் காட்டினாள். "உங்களுக்குப் போட்ட அலங்காரம் அத்தனையும் சேர்ந்து தள்ளிடுச்சு. அலங்காரத்தைக் குறைக்கவா, ஸ்பேஸைக் குறைக்கவா?"

தங்கக் கரையை விட அவருக்கு மனசு வரவில்லை.

"நாலு வை."

"நாலுலயும் தெரியல சார்."

"சரி, ரெண்டு."

பெயர் திரைக்குள் வந்து உட்கார்ந்தது. சுடர்விழி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஜெபராஜ் வச்சதும் ரெண்டுதான் சார்."

திருவேங்கடம் மேசைப் போனை அவள் பக்கம் நகர்த்தினார். அவசரத்தில் அவள் ஜெபராஜின் நம்பரை மூன்று தடவை தப்பாக அழுத்தினாள்.