தேன்சிட்டு கட்டிய நட்சத்திரம்

மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அல்லிக்குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு கொடுக்காப்புளி மரம். அதன் கிளை நுனி ஒன்றில் கூடு கட்டிக் குடியிருந்தாள் அமலி என்ற தேன்சிட்டு.

அமலிக்கு அதுதான் தலைப்பிரசவம். இரண்டு குஞ்சுகள். பொரித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளிவிட்டால் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளுவது என்பதே அவளுக்கு மலைப்பாக இருந்தது.

இலை உதிர்ந்தால் பயம். காற்று அடித்தால் பயம். காற்று அடிக்காமல் இருந்தால் அதைவிடப் பயம்! குஞ்சுகள் கத்தினால், "என்ன ஆச்சோ?" என்று ஓடி வருவாள். கத்தாமல் தூங்கினால், மூச்சு இருக்கிறதா என்று அலகால் தொட்டுப் பார்த்து எழுப்பிவிடுவாள்.

"பாவம், தூங்கட்டுமே அமலி!" என்பான் அவள் கணவன் சூசை.

"தூங்குறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள் அவள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. கோயில் கோபுரத்தில் பெரிய நட்சத்திரம் ஏறியது. அதைப் பார்த்துக் குளக்கரைப் பறவைகளும் தங்கள் வீடுகளை அலங்கரிக்கத் தொடங்கின.

ஒரு நாள் காலை, பக்கத்துப் புதரிலிருந்து சலேத்தக்கா வந்தாள். அவள் ஒரு கொண்டைக்குருவி. அவளுடைய பிள்ளைகளெல்லாம் ஆடி மாதமே பறந்து போய்விட்டன. அந்தப் பருவத்தில் குஞ்சு இருந்த வீடு அமலியின் வீடு ஒன்றுதான். சலேத்தக்காவுக்கு வேலையும் இல்லை, வாயும் சும்மா இல்லை.

"என்னடி அமலி, இன்னும் வீட்டை ஒண்ணும் பண்ணலையா? நான் காகிதப்பூ இதழெல்லாம் கோத்துத் தொங்கவிட்டுட்டேன். ஸ்டார் கட்டிட்டேன். என் வாசலைப் பார்த்தா கோயில் பீடம் மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க!"

"எங்க வீடும் அலங்காரம் பண்ணின வீடுதானேக்கா," என்றாள் அமலி மெல்ல.

சலேத்தக்கா கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தாள்.

"எது? இதா? காஞ்ச சருகு, மரப்பட்டைத் தூள், ஒட்டடை! வாசல்ல ஒட்டி வெச்சிருக்கியே, அது என்னடி?"

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். "கம்பளிப்புழு எச்சம்."

"கர்த்தரே!" என்றாள் சலேத்தக்கா.

அது தேன்சிட்டுக் குலத்து வழக்கம். கூடு கட்டி முடித்ததும் சிலந்தி நூலால் சருகையும் பட்டையையும் புழு எச்சத்தையும் ஒட்டி, வால் மாதிரி கீழே தொங்கவிடுவார்கள். அமலியின் அம்மா வீடும் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று அமலி கேட்டதில்லை. யாரும் சொன்னதுமில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வீடு வீடாப் பாடிக்கிட்டுக் கேரல் பவனி வருது. தெரியும்ல?" என்றாள் சலேத்தக்கா. "ஸ்டார் கட்டின வீட்டு வாசல்லதான் அவங்க நிப்பாங்க. அவங்க பாடிட்டுப் போன வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு எந்தக் கெடுதலும் அண்டாது. உன் வீட்டைப் பார்த்தா வீடுன்னா நினைப்பாங்க? காத்துல பறந்து வந்து முள்ளுல மாட்டின குப்பைன்னு தாண்டிப் போயிருவாங்க!"

எந்தக் கெடுதலும் அண்டாது! அமலியின் நெஞ்சில் அந்த ஒரு வார்த்தைதான் போய் உட்கார்ந்தது. குப்பை என்று சொன்னதுகூட அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

கோயிலைப் பெருக்கி மணி அடிக்கும் கோயில்பிள்ளை, போன வருஷத்து ஜிகினாவையெல்லாம் வாரிக் கோயிலுக்குப் பின்னால் கொட்டியிருந்தார். அமலி அங்கே பறந்தாள். வெள்ளி ஜிகினாச் சரம் ஒன்று கிடைத்தது. பளபளவென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள் நட்சத்திரமும் கிடைத்தது. தன்னைவிடப் பெரிய நட்சத்திரத்தை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு அமலி? நம்ம குலத்து முறையில இல்லையே?" என்றான் சூசை.

"நம்ம முறையில இருக்கிறது புழு எச்சம்தான்! என் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஒரு பக்கத்தைப் பிடிங்க!"

சருகுகளைப் பிய்த்தாள். பட்டைகளை உதறினாள். ஒட்டடையை வழித்துப் போட்டாள். வீட்டைச் சுற்றிச் சரத்தைச் சுற்றினாள். வாசலுக்கு மேலே நட்சத்திரத்தைக் கட்டினாள்.

பகல் வெயில் பட்டதும் கூடு தகதகவென்று எரிந்தது! குஞ்சுகள் இரண்டும் நட்சத்திரத்தை அம்மா கொண்டுவந்த இரை என்று நினைத்து வாயைப் பிளந்தன. சூசையே வாய் பிளந்துதான் நின்றான். அமலிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஊப்... ஊப்... அடடே! அங்கே யார் வீடு அது?"

ஈச்சம் புதரின் மேல் ஒரு செம்போத்து உட்கார்ந்திருந்தது. கரிய உடம்பு, செங்கல் நிற இறக்கை, நெருப்புக் கங்கு போல் கண். கூடுகளுக்குள் தலையை விட்டு முட்டையையும் குஞ்சையும் வாரித் தின்பதில் செம்போத்தாருக்கு நிகர் கிடையாது. ஆனால் இன்று அவர் முகத்தில் எருக்கம் பஞ்சால் ஒரு வெள்ளைத் தாடி தொங்கியது!

அவர் பக்கத்தில் சவரி மாஸ்டர் நின்றார். அவர் மைனா. பாடகர் குழுவின் தலைவர்.

"அமலி! நல்ல செய்தி!" என்று மாஸ்டர் கூவினார். "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா நம்ம செம்போத்தார்தான்! தானே முன்வந்து கேட்டார். மனுஷர் ரொம்பத் திருந்திட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கினதிலிருந்து நத்தையைத் தவிர வேற எதையும் தொடுறதில்ல!"

"எல்லாம் ஆண்டவர் கிருபை," என்றார் செம்போத்தார், தாடியைத் தடவியபடி. "உன் வீடு ஜோரா இருக்கும்மா! அந்த மரத்து வழியா இந்த வாரத்துல மூணு தடவை போயிருக்கேன். அங்கே ஒரு வீடு இருக்குதுன்னே தெரியல! இன்னைக்கு இந்த ஸ்டார் இருக்குதே, இத்தனை தூரத்துக்குக் கண்ணைப் பறிக்குது! குழந்தைங்க எத்தனை?"

அமலி இறக்கையால் வாசலை மறைத்தாள். ஆனால் குஞ்சுகளே பதில் சொல்லிவிட்டன. "கீச்! கீச்!"

"ரெண்டு!" என்றார் செம்போத்தார் அன்போடு. "நாளைக்குத் தாத்தா வரேன். கிட்ட வந்து கொஞ்சுறேன். மாஸ்டர், நாளைக்குப் பாட்டு நல்லாச் சத்தமா இருக்கட்டும்! பக்கத்தில யார் கத்தினாலும் காதில விழக் கூடாது!"

"அதுதானே பாட்டு!" என்றார் சவரி மாஸ்டர் பூரிப்போடு.

அவர்கள் இருவரும் புதருக்குள் போனதும் அமலி நடுங்கிக்கொண்டே கூட்டைப் பார்த்தாள். மூணு தடவை! இந்த ஒன்பது நாளில் மூன்று தடவை அந்தக் கண்கள் இந்தக் கிளையைக் கடந்து போயிருக்கின்றன. சருகையும் எச்சத்தையும் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அம்மா வீடு ஏன் குப்பை மாதிரி இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உடனே பறந்து போய்ச் சவரி மாஸ்டரைத் தனியாகப் பிடித்தாள். "மாஸ்டர், அவர் திருந்தல! என் பிள்ளைங்களுக்குத்தான் வராரு!" என்றாள்.

மாஸ்டர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "உனக்குத் தலைப்பிள்ளை. அப்படித்தான் இருக்கும். நிழல்கூட நரியாத் தெரியும். போ, போய்க் கொஞ்சம் தூங்கு!"

சலேத்தக்காவிடம் சொன்னாள். "அந்தத் தாடியோட ஒருத்தர் கெட்டவரா இருப்பாரா?" என்றாள் சலேத்தக்கா.

பயந்தவள் பேச்சை யார் நம்புவார்கள்? அமலி திரும்பி வந்தாள். "எல்லாத்தையும் கழற்றித் தண்ணியில போட்டுருவோம்," என்றான் சூசை.

"வேண்டாம்," என்றாள் அமலி. "ஸ்டார் இல்லேன்னா தேடுவார். இருந்தா நேரா அங்கே போவார். அவருக்கு நம்ம கூட்டைத் தெரியாது. ஸ்டாரைத்தான் தெரியும்."

அவள் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண் நடுங்கவில்லை.

அதே மரத்தின் இன்னொரு பக்கத்தில், குளத்தின் ஆழமான இடத்துக்கு மேலே ஒரு காய்ந்த கிளை நீண்டிருந்தது. அதன் நுனியில் தூக்கணாங்குருவி எப்போதோ விட்டுப்போன காலிக் கூடு. சூசையும் அமலியும் நட்சத்திரத்தை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப் போய் அதன் வாசலில் கட்டினார்கள். சரத்தையும் சுற்றினார்கள். கிளை அவர்கள் பாரத்துக்கே முனகியது.

பிறகு சொந்த வீட்டு வேலை. அன்று மாலை வரை ஓடினார்கள். மறுநாள் விடிந்ததும் மறுபடி ஓடினார்கள். சூசை நொச்சிப் புதரில் ஒட்டடை சேகரித்தான். அமலி சருகு பொறுக்கினாள். பட்டைத் தூளை அப்பினாள். சிலந்தி நூலை இழுத்து இழுத்துச் சுற்றினாள்.

"கம்பளிப்புழு எச்சம் போதுமா?" என்று அலகு நிறையக் கொண்டுவந்து கேட்டான் சூசை.

"வாசலுக்கு மேல இன்னும் கொஞ்சம் வையுங்க. அழகா இருக்கும்," என்றாள் அமலி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அன்று மதியத்திலிருந்து குஞ்சுகளுக்கு ஓயாமல் ஊட்டினாள். குட்டிச் சிலந்தி, கொசு, தேன், மறுபடி சிலந்தி. வயிறு புடைத்த பிள்ளை கத்தாதே!

பொழுது சாய்ந்தது. பாட்டு நெருங்கி வந்தது. மைனாக்கள் கிளை கிளையாகத் தாவிப் பாடின. முன்னால் தாடியும் பையுமாகச் செம்போத்தார். பின்னால் சலேத்தக்கா, தலையை ஆட்டிக்கொண்டே.

அமலி குஞ்சுகளின் மேல் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு ஆசைப்பட்ட பாட்டு அவள் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் அவள் மூச்சுகூட விடவில்லை.

கிளை அசைந்தது. கனமான கால் ஒன்று பக்கத்துக் கொப்பில் ஊன்றியது. செம்போத்தாரின் தோள் கூட்டை உரசியது! கூடு ஆடியது. ஒரு குஞ்சு கண் விழித்தது. வாயைத் திறக்கப் போனது.

அமலி தன் அலகை அதன் வாய்க்குள் வைத்தாள். அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் குஞ்சு அதைச் சப்பிக்கொண்டு பேசாமல் இருந்தது.

"சீச்சீ! முகமெல்லாம் ஒட்டடை!" என்று வெளியே ஒரு குரல் சிடுசிடுத்தது. "இந்த மரத்துக் குப்பையை ஒருத்தனும் கூட்ட மாட்டானா? எங்கே அந்த ஸ்டார்? ஆ! அதோ!"

கால் நகர்ந்தது.

"நீங்க பாடிக்கிட்டே இருங்க! நான் மட்டும் போய்க் குழந்தைங்களைப் பார்த்துட்டு வரேன்!" என்று செம்போத்தார் காய்ந்த கிளையில் ஏறினார். ஒரு தாவல். இரண்டு தாவல். கிளை வளைந்தது. பாட்டு உச்சத்துக்குப் போனது. அவர் நட்சத்திரத்தை ஒதுக்கிவிட்டுத் தலையைக் கூட்டுக்குள் நுழைத்தார்.

"வாங்கடா என் கொழுக்கட்டைகளா! முதல்ல எவன் தொண்டைக்குள்ள போறான்?"

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது! அந்தக் குரல் மட்டும் குளம் முழுக்கக் கேட்டது.

மடார்!

கிளை முறிந்தது. கூட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு செம்போத்தார் தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுந்தார். தாடி ஒரு பக்கம் மிதந்தது. பை ஒரு பக்கம் மிதந்தது. சலேத்தக்கா குனிந்து பையைப் பார்த்தாள்.

"மாஸ்டர்! பை காலியா இருக்கு! இவன் கொடுக்க வரல, கொண்டுபோக வந்திருக்கான்!"

அவ்வளவுதான். மைனாக் கூட்டம் முழுவதும் பாய்ந்தது. செம்போத்தார் கரையேறி, நனைந்த இறக்கையை இழுத்துக்கொண்டு, அக்கரைக்கும் அப்பால் ஓடினார். அந்தக் குளத்துப் பக்கம் அவர் அதன்பின் வரவில்லை.

சவரி மாஸ்டர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். மரத்தை மேலும் கீழும் பார்த்தார். எங்கேயும் வீடு தெரியவில்லை.

"அமலி! நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான். உன் வீடு எங்கேம்மா? வாசல்ல நின்னு ஒரு பாட்டுப் பாடுறோம்!"

சலேத்தக்காவும் தேடினாள். அவளுடைய அலகுக்கு ஒரு முழம் தள்ளித்தான் கூடு இருந்தது. அவள் கண்ணுக்குச் சருகுதான் தெரிந்தது.

சருகுக்குள்ளிருந்து அமலியின் குரல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். பிள்ளைங்க பறக்கிற வரைக்கும் வீட்டை யாருக்கும் காட்டுறதா இல்ல. நீங்க நிக்கிற இடத்திலேயே பாடுங்க. எங்களுக்கு நல்லாக் கேட்கும்."

"உனக்கு இருக்கிற திமிரைப் பாரேன்!" என்றாள் சலேத்தக்கா. ஆனால் எல்லாருக்கும் முன்னால் பாடத் தொடங்கியவள் அவள்தான்.

மைனாக்கள் வெறும் மரத்தைப் பார்த்துப் பாடின. உள்ளே சூசை தாளம் போட்டான். குஞ்சுகள் இரண்டும் பாட்டை இரை என்று நினைத்து வாயைப் பிளந்தன. பிறகு அவை தூங்கிப்போனபோது அமலி அவற்றை எழுப்பி எழுப்பிப் பார்க்கவில்லை. அன்றுதான் அவளும் கண்ணை மூடித் தூங்கினாள்.

ஊர் மெச்சச் செய்யும் அலங்காரம் பகைவனுக்கும் வழி காட்டும். உள்ளே இருக்கும் உயிரைக் காக்கிற வீடே அழகான வீடு.