நாலாவது பாட்டுக்கு ஒரு குறை

வாரப் பத்திரிகை ஒன்றில் புதுப்படப் பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதிவந்தார் மங்கையர்க்கரசி. நாற்பது வயதுதான். அவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் பிச்சாண்டி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். விளையாட்டாக ஒருநாள் "குருவே" என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. குருவோ அவரை "சார்" என்பார். சீடனைச் சார் என்று கூப்பிட்ட குரு உலகத்தில் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

அந்த வாரம் ஓர் அறிமுக இசையமைப்பாளரின் ஆல்பம் வந்தது. ஆறு பாட்டுகள். கேட்டதும் பிச்சாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பாட்டில் எலெக்ட்ரிக் கிடார் நாதஸ்வரத்தைத் துரத்திக்கொண்டே ஓடி, கடைசியில் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டது. அவருக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது.

"இதை நீங்களே எழுதுங்க சார். உங்க பேர்லயே வரட்டும்" என்றார் குரு.

பிச்சாண்டி பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். குரு படித்தார். ஐந்து பாட்டுக்கும் வாயாரப் புகழ்ச்சி. நாலாவதுக்கு மட்டும் ஒரே வரி: 'புதுப் பாடகி நாச்சியம்மையின் குரலில் வரும் இந்தப் பாட்டு சற்றே இழுவை.'

"நாலாவது பாட்டு பிடிக்கலையா சார்?"

"ஐயையோ, ஆறுலயும் அதுதான் குருவே ரொம்பப் பிடிச்சது."

"பின்னே?"

பிச்சாண்டி நெளிந்தார். "ஆறையும் புகழ்ந்தா யார் நம்புவாங்க? காசு வாங்கிட்டு எழுதிட்டான்னு சொல்லுவாங்க. முதல் தடவையா என் பேர் அச்சுல வருது. ஒரு குறையாவது சொன்னாத்தானே விமர்சனம்?"

"அதுக்கு ஏன் அந்தப் பாட்டு?"

"மத்த அஞ்சும் பேர் வாங்கினவங்க பாடினது. குறை சொன்னா ரசிகருங்க சண்டைக்கு வந்துடுவாங்க. இந்தப் பொண்ணை யாருக்கும் தெரியாது."

சொல்லும்போதே அவருக்குக் கூசியது. அந்தப் பெண் சினிமாவில் பாடிய முதல் பாட்டு அது. அவளைப் பற்றி அச்சாகப்போகும் முதல் வரியும் இதுதான். அன்று சாயங்காலமே அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது. எல்லாம் தெரிந்தும் அந்த வரியை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அடித்தால் தன் பேச்சை யார் மதிப்பார்கள் என்ற பயம்.

குரு கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் நாலாவது பாட்டைத் தேடிப் போட்டார்.

"பாட்டு ஓடட்டும். நீங்க அந்த வரியை எனக்குச் சத்தமா வாசிங்க."

"இவ்வளவுதானே" என்று பிச்சாண்டி தாளை எடுத்தார்.

ஆர்மோனியம் மட்டும் மெல்ல ஆரம்பித்தது. விடுதிக்குப் புறப்படும் மகளுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டே தாய் பாடும் பாட்டு. பிச்சாண்டி வாயைத் திறக்கவும் நாச்சியம்மை பாடத் தொடங்கவும் சரியாக இருந்தது. பல்லவி முடியட்டும், நடுவில் இடைவெளி வரும், அப்போது வாசித்துவிடலாம் என்று காத்திருந்தார்.

இடைவெளி வந்தது. அதில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இசையமைப்பாளர் அதை அழிக்காமல் விட்டிருந்தார். வந்த அழுகையை விழுங்கிவிட்டு, அடுத்த புடவையை மடிக்கிற மூச்சு. என்ன பெண்ணப்பா இவள்! எங்கே இருந்தாள் இத்தனை நாள்! பிச்சாண்டி தாளை மடியில் போட்டுவிட்டார்.

சரணம் போனது. மறுபடி பல்லவி வந்தது. ஆர்மோனியம் அடங்கியது. பாட்டு முடிந்தது.

"கடைசி வரைக்கும் வாசிக்கவே இல்லையே சார்?"

"அவ பாடிக்கிட்டு இருக்கும்போது எப்படி குருவே குறுக்கே பேசறது?"

"அதை எழுதுங்க."