இரண்டாவது போர்டு காலிதான்

“இரண்டாவது போர்டு காலி மேடம். ஒரு புரோகிராம்கூட அதுல இல்ல. ஆனாலும் கெர்னல் விடமாட்டேங்கு.”

தேவசகாயத்தின் கை அந்தப் போர்டைக் கழற்றும் லிவரில் இருந்தது. வயது ஐம்பத்திரண்டு.

அவருக்கு வேலை சொல்லித்தரும் குரு மெஹருன்னிசாவுக்கு வயது இருபத்தாறு. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் அந்த சர்வர் அறையில் இரண்டு நாள் தாண்டியதில்லை.

மாவட்டத்து ஆம்புலன்ஸ் அழைப்புகள் முழுக்க அந்த ஒரு மெஷினில்தான் ஓடின. நிறுத்த முடியாது. மெஷினை நடத்தும் மூல நிரலான கெர்னல் விட்டால், ஓடும்போதே மெமரி போர்டைச் செருகலாம், கழற்றலாம். மொத்தம் மூன்று. நடுவில் இருப்பது கெட்டுக்கொண்டிருந்தது. திரையில் பிழை எண்ணிக்கை ஏறியது.

“நாப்பது... நாப்பத்தொண்ணு...”

“எண்ணினா நின்னுருமா அண்ணாச்சி?”

“கட்டாயப்படுத்திக் கழத்திரவா?”

“செருகினது யாரு?”

“நான்தான். மூணையும்.”

“அப்ப கழத்தவேண்டியதும் நீங்கதான்.”

அந்த அறையின் வழக்கம் அது.

“அதத்தான கேக்கேன்! கழத்தவா வேண்டாமா?”

குரு எழுந்து வந்து, மூன்றாவது போர்டின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“அது நல்லாத்தான் இருக்கு மேடம். கெட்டது இது.”

விரல் அங்கேயே இருந்தது.

“இதுல எந்தப் பக்கத்துல யாரு இருக்கான்னு கெர்னலுக்கு எப்படித் தெரியும்?”

“இப்ப பாடம் எடுக்கற நேரமா?”

“சொல்லுங்க.”

“புது போர்டு செருகினதும் அதுக்குன்னு ஒரு பதிவேடு போடும். போர்டைச் சின்னச் சின்னப் பக்கமா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் அதுல குறிச்சு வைக்கும். போதுமா?”

“பதிவேட்டை எங்க வைக்கும்?”

“மெமரியிலதான். வேற எங்க...”

“இதைச் செருகின அன்னைக்கு எங்க இடம் இருந்துச்சு?”

தேவசகாயம் மூன்றாவது போர்டைப் பார்த்தார்.

அதைச் செருகியது போன மாதம். புயல் நாள். அழைப்புகள் குவிந்து முதல் போர்டில் ஒரு பக்கம்கூட மிச்சமில்லை. இடம் இருந்தது இரண்டாவதில் மட்டும்.

“இரண்டாவதைச் செருகும்போது, புரோகிராமுக்கு மட்டும்னு கெர்னல்கிட்ட சொன்னீங்களா?”

“அப்ப சாப்பாட்டு நேரம் மேடம்.”

“சொன்னீங்களா?”

“இல்ல. என்னத்துக்கு வேணாலும் எடுத்துக்கோன்னு விட்டுட்டேன்.”

புரோகிராம்களை வேறு இடத்துக்கு நகர்த்தலாம். கெர்னல் தனக்கென்று எழுதி வைத்த பதிவேடு, அது எந்தப் போர்டுக்கோ அந்தப் போர்டு போகும்வரை நகராது.

எழுபது. எண்பது. அலாரம் அலறத் தொடங்கியது. இன்றைக்கு அழைப்புகள் குறைவு, முதல் போர்டே தாங்கும். ஆனாலும் திரையில் பதினோரு அழைப்புகள். பதினோரு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

குரு விரலை எடுத்தார். நாற்காலிக்குத் திரும்பினார்.

“நேரமில்ல. இரண்டாவதைக் கழத்துங்க.”

தேவசகாயம் அந்த முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

லிவரிலிருந்து கையை எடுத்தார். கீபோர்டை இழுத்தார்.

“கழத்தச் சொன்னேன் அண்ணாச்சி.”

“கேட்டுச்சு,” என்றார் தேவசகாயம். மூன்றாவது போர்டைக் காலி செய்யும் கட்டளையை அடித்தார்.