தான்சானியா கப்பலுக்குப் பதினாறு ஜன்னல்

பொதிகை மலை அடிவாரக் காட்டில் மாசானம் என்றொரு நரி இருந்தது. அதற்கு முயல்கள் மேல் கொள்ளை ஆசை. ஆனால் ஒரு முயலாவது அகப்பட வேண்டுமே! துரத்தினால் இந்த வளையில் நுழையும், அந்த வளையில் தலையை நீட்டும். "என்ன மாசானம், மூச்சு வாங்குது? உடம்பைப் பாத்துக்கோ!" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு மறைந்துவிடும்.

நான்கு நாள் பட்டினிக்குப் பிறகு மாசானத்துக்கு ஒரு யோசனை வந்தது. செம்மண் மேட்டில் ஒரு குகை உண்டு. போகவும் வரவும் ஒரே வாசல். காட்டில் உள்ள பதினாறு முயல்களும் தாமாகவே அதற்குள் போய் உட்கார்ந்தால்? வாசலில் தான் உட்கார்ந்தால்? நாளைக்கு ஒன்று என்று பதினாறு நாள் விருந்து!

ஆப்பிரிக்காவிலிருந்து மழையோடு வந்து போகும் சுடலைக் குயில் அந்த நாட்டுக் கதைகளைப் பேசும்போது மாசானம் ஒட்டுக் கேட்டிருந்தது. அது போதாதா!

"அண்ணாச்சி, லீவுக்குத் தான்சானியா போவோமா?" என்று முயல் கூட்டத்தின் பெரிய தலையான அம்பலவாணனிடம் கேட்டது.

"நீ எங்களைத் தின்னுருவியே!"

"நானா? சைவத்துக்கு மாறி மூணு மாசமாச்சு. வேணும்னா வாயை மோந்து பாருங்க!"

"வேண்டாம், வேண்டாம், நம்புதோம். அங்க என்ன இருக்கு?"

"என்ன இல்லை? பால் மாதிரி வெள்ளை மணல். கடல் காத்துல கிராம்பு வாசம். தோட்டம் தோட்டமா மரவள்ளிக் கிழங்கு! செம்மண் மேட்டுல கப்பல் தயாரா நிக்கு. ஏறி உக்கார வேண்டியதுதான்!"

கடலே இல்லாத மேட்டுக்குக் கப்பல் எப்படி வந்தது என்று ஒரு முயலும் கேட்கவில்லை. அம்பலவாணனின் மனைவி பிச்சம்மாள் கேட்டது வேறு.

"அங்க அருகம்புல் கிடைக்குமா?"

"கிடைக்காது மதினி. ஆனா..."

"அப்போ இங்கேருந்தே கட்டி எடுத்துக்கிடுவோம்."

பதினோரு கட்டுப் புல். அறுத்தவை முயல்கள். சுமந்தது மாசானம். பட்டினி வயிற்றோடு மேடேறி இறங்கியபோது, 'பதினாறு நாள், பதினாறு நாள்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

"கட்டெல்லாம் ஏத்தியாச்சு. இன்னைக்கே கிளம்புவோமா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம்!" என்றது அம்பலவாணன்.

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கு அஷ்டமி."

"நாளன்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. அன்னைக்கும் மேற்கேதான் சூலம். உனக்கு ஒண்ணுமே தெரியாதா தம்பி?"

திங்கட்கிழமை வந்தது. இப்போது பிச்சம்மாளின் அண்ணன் உலகநாதன் முறுக்கிக்கொண்டது. "பதினஞ்சு பேருக்கும் சொல்லிட்டு, பதினாறாவதா எனக்குச் சொல்லுதீங்க! நான் என்ன கணக்குக்கா வரணும்? நீங்களே போய்ட்டு வாங்க!"

"எங்க அண்ணன் இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்!" என்று பிச்சம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

சமாதானம் பேச யார் போவது? மாசானம்தான் போனது.

உலகநாதன் வளைக்கு வெளியே தனியாக, கொழுகொழுவென்று, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஒரே பாய்ச்சல் போதும். மாசானத்தின் நாக்கில் எச்சில் ஊறியது. 'இந்த ஒண்ணுக்கு ஆசைப்பட்டு மத்த பதினஞ்சையும் விடுறதா?' என்று எச்சிலை விழுங்கிவிட்டு, முன்னங்கால்களைக் குவித்தது.

"மாமா! நீங்க வராட்டி கப்பலே கிளம்பாது மாமா!"

"இந்தப் பணிவு மொதல்லயே இருந்திருக்கணும்," என்றது உலகநாதன், திரும்பிப் பார்க்காமலே.

ஒருவழியாகச் செவ்வாய்க்கிழமை பதினாறு முயல்களும் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தன. மாசானத்தின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இன்னும் நாலு அடி. உள்ளே போனால் முடிந்தது!

பிச்சம்மாள் குகைக்குள் எட்டிப் பார்த்தது. "ஏ, என்ன கப்பல் இது? ஒரு ஜன்னல்கூட இல்லை!"

"ஜன்னல் எதுக்கு மதினி?"

"ஜன்னலோரம் இல்லாட்டி எனக்குக் குமட்டும். நான் வரலை."

மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கச் சுவரில் ஓர் ஓட்டை தோண்டியது. பிச்சம்மாள் தலையை விட்டுப் பார்த்தது.

"காது இடிக்குது. பெருசாக்கு."

பெரிதாக்கியது. அடுத்த நொடி மற்ற முயல்கள் பிடித்துக்கொண்டன. "அவளுக்கு மட்டும் ஜன்னலோரமா? எங்களுக்கு?" உலகநாதன் மறுபடி முறுக்கிக்கொள்ளத் தயாரானது.

"ஆளுக்கு ஒண்ணு! ஆளுக்கு ஒண்ணு தோண்டித் தாறேன், தயவுசெஞ்சு ஏறுங்க!" என்று மாசானம் அழாத குறையாகக் கெஞ்சியது. ஒரு பகல் முழுக்கத் தோண்டியது. நகமெல்லாம் தேய்ந்து, மூக்கு நிறையச் செம்மண். பதினாறாவது ஜன்னல் முடிந்ததும் முயல்கள் உள்ளே போய், அவரவர் ஜன்னலோரம் உட்கார்ந்தன.

மாசானம் வாசலை அடைத்து உட்கார்ந்தது. அடடா, என்ன காட்சி! பதினாறு!

"கப்பல் எப்போ கிளம்பும் தம்பி?" என்றது அம்பலவாணன்.

"சாப்பிட்டதும்!"

"யாரு சாப்பிட்டதும்?"

"நான்!" என்று மாசானம் பல் முழுவதையும் காட்டியது.

குகைக்குள் பிச்சம்மாளின் குரல் கேட்டது. "ஏ, எல்லாரும் அவங்கவங்க ஜன்னல்ல குதிங்க!"

முப்பத்திரண்டு காதுகளும் ஒன்றுகூட இடிக்காமல் வெளியே போயின. மாசானம் ஒரு ஜன்னலுக்குப் பாய்ந்தது; தலை மட்டும் நுழைந்தது, தோள் நுழையவில்லை. வாசல் பக்கம் ஓடிச் சுற்றி வருவதற்குள் செம்மண் மேட்டில் முயல்களின் கால்தடம் மட்டுமே இருந்தது. தான் தோண்டிய பதினாறு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமையே கிடைத்திருக்க வேண்டிய அந்தக் கொழுத்த முதுகை நினைத்து அது ஊளையிட்டது.

அடுத்தவரைக் கவிழ்ப்பதற்காக அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ளத் தொடங்குகிறவன், கடைசியில் அவர் தப்பிப் போகும் வழியையும் தன் கையாலேயே தோண்டிக் கொடுப்பான்.