தனியாக நிற்கக் கூடாத ஸ்கூட்டர்

ஒரு தெருவில் மனிதர் தனியாகப் போகலாம், ஆனால் ஸ்கூட்டர் தனியாக நிற்கக் கூடாதாம். அது எந்தத் தெரு, சொல்லுங்கள் பார்ப்போம். தெரியவில்லையா? அப்படியானால் கேளுங்கள்.

பிரிசில்லா வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடும் நர்ஸ். போன வாரம் கிட்டங்கித் தெருவில் இரண்டு குடிகாரர்கள் அவளை வழிமறித்துப் பையைப் பிடித்து இழுத்தார்கள். அதனால், "துணைக்கு ஒருத்தரை அனுப்புங்க சார்" என்று மேலதிகாரி பொன்னம்பலத்திடம் கேட்டாள்.

அவர் தம் புது ஸ்கூட்டரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அது தங்கமான தெரும்மா! இன்னைக்கும் தனியாத்தான் போகணும். முடியாதுன்னா வேலையை விட்டுடு."



"சரி சார், போறேன். உங்க ஸ்கூட்டரைக் கொடுங்க. தெருமுனையில நிறுத்திட்டு, எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றாள் பிரிசில்லா.

"என் ஸ்கூட்டரா? அங்கேயா?" என்று அலறினார் பொன்னம்பலம். "ஹாரனைக்கூட விட்டு வைக்க மாட்டானுங்க! பக்கத்துல ஆள் நிக்காம அந்தத் தெருவுல எதையாவது விட முடியுமா?"

சுற்றி நின்ற மற்ற நர்சுகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஸ்கூட்டருக்கே துணை வேணும்னா எனக்கு வேண்டாமா சார்?"

அன்று துணைக்கு அவரே போக வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரை அலுவலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு நடந்தே போனார்.

முதல் வீட்டில் ஐந்து வயது மலர்க்கொடி அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கையில ஊசி போடட்டும் கண்ணு? நீயே சொல்லு" என்றாள் பிரிசில்லா.

மலர்க்கொடி பொன்னம்பலத்தின் வலது கையைக் காட்டினாள்.